தடம் பெருக்கியவள்

சாஃப்தா முதலில் ஊசியிலைக் கிளையைத்தான் எடுத்தாள், பிறகுதான் களிப் பாத்திரத்தை. கிளையை இடுப்பில் கயிற்றால் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு நடந்தால் பனியில் காலடி தெரியாது. பதினேழு நாளாக விடிவதற்கு முன்பே இப்படித்தான் மலையேறிக்கொண்டிருந்தாள். மேலே, குளிர்காலத்தில் ஆளில்லாத ஆட்டுக்கொட்டிலில் அவள் புருஷன் தோதெர் ஒளிந்திருந்தான். அரசாங்கக் கூட்டுப்பண்ணைக்கு நிலத்தை எழுதி வாங்க நகரத்து ஆட்கள் ஊரில் டேரா போட்டிருந்தார்கள். வீட்டுத் தலைவன் கையெழுத்துதான் செல்லும். தலைவனே அகப்படாவிட்டால் என்ன செய்வார்கள்? அந்த வருஷம் வ்ரான்சியா மலையடிவாரத்தில் பாதி ஆம்பளைகள் காட்டில்தான் இருந்தார்கள்.

மூன்று ஹெக்டேர், ஆற்றோரக் கருமண், சாஃப்தாவின் சீதனம். அவள் தாத்தா பண்ணையாரின் வயலில் சாட்டையடி பட்டே செத்தவர். அப்பா முதல் யுத்தத்தில் ஒரு கையைக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்கு அரசாங்கம் அளந்து கொடுத்த நிலம் அது. "கைக்கு மாத்தா மண்ணு" என்று சொல்லிச் சிரிப்பார். இப்போது அதே மண்ணை மனமுவந்து கொடுக்க வேண்டுமாம். மனமுவந்து! அடிக்கிற கையும் அவர்களுடையது, 'நானாகவே தருகிறேன்' என்று எழுதவைக்கும் பேனாவும் அவர்களுடையது.

அந்த ஆட்களோடு தினமும் வீட்டுக்கு வந்தவர் கோஸ்தாகே. அவளுக்கும் தோதெருக்கும் கல்யாணத்தில் கிரீடம் வைத்த ஞானத்தகப்பன். இப்போது ஊர்மன்றத்தில் பெரிய ஆள். அடுப்போரம் உட்கார்ந்துகொண்டு தொப்பியைக்கூடக் கழற்ற மாட்டார்.

"உன் புருஷன் எங்க மவளே?"

"யாருக்குத் தெரியும் ஞானப்பா? என் தொல்லை தாங்காம ஓடிட்டான்போல."

"அப்ப ரெண்டு பேர் களியை நீ ஒருத்தியே திங்கிறியா? சதை போட்டுட்டியே!"

"துக்கத்துல பசி கூடுது, என்ன பண்ண."

சந்தில் இன்னும் பத்து வீடுகள் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன. சாஃப்தா வீட்டில் கையெழுத்துப் போடாதவரை நாங்களும் போட மாட்டோம் என்றார்கள். அதில் அவளுக்குப் பயமும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் மகள் ரூக்சாண்ட்ரா நகரத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து மரப்பெட்டியோடு திரும்பி வந்தாள். அப்பா கையெழுத்துப் போடாதவளுக்குப் படிப்பு கிடையாதாம். இரவெல்லாம் அழுதாள். மறுநாள் சாஃப்தா இதைக் கொட்டிலில் சொன்னபோது தோதெர் களியை உருட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"நீ கலங்காதய்யா. அவள நான் பாத்துக்கிறேன்."

"உப்பு கம்மியா இருக்கு" என்றான்.

சாப்பிட்டு முடித்ததும் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான். வழக்கமாகப் புகையிலையைச் செய்தித்தாளில் சுருட்டுகிறவன். இது கடைச் சிகரெட்.

"ஏது?"

"ஒரு இடையன் குடுத்தான்." புகையை விட்டுவிட்டு, "போறப்ப கிளையை மறக்காம கட்டிக்க" என்றான். பாவம், பயத்தில்கூட நம்மை நினைக்கிறான் என்று அவள் வழியெல்லாம் உருகிக்கொண்டே இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தவர்களை மன்றத்தின் படிக்கட்டு முன்னால் நிறுத்திக் கோஸ்தாகே பட்டியல் படித்தார். ஏழாவது பெயர்: தோதெர் மொகானு. மூன்று ஹெக்டேர், ஒரு வண்டி, ஒரு பெண்குதிரை.

"பொய்!" என்று கத்தினாள் சாஃப்தா. "ஆளே ஊர்ல இல்ல, யாரு போட்ட கையெழுத்து?"

கோஸ்தாகே இறங்கி வந்து காகிதத்தைக் காட்டினார். தோதெரின் கைதான். கல்யாணப் பதிவேட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அதே கை. தேதி வியாழக்கிழமை.

"அவனேதான் ஆள் விட்டுக் கூப்பிட்டான். மரமில்லுல காவல்காரன் வேல கேட்டான், சரின்னோம். எல்லார் முன்னாலயும் படிக்கணும்னுதான் ஞாயிறு வரைக்கும் வெச்சிருந்தோம்."

"வெள்ளிக்கிழமை எம்பொண்ணத் துரத்தினப்போ இந்தக் காகிதம் உங்க பையிலயா இருந்துச்சு?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, சமாதானம் சொல்வதுபோல, "உன்ன மெச்சணும் மவளே. கொட்டில் வரைக்கும் ஒரு தடம் இல்ல. நான் வழி கேட்டுக்கிட்டுல்ல போனேன்" என்றார்.

வியாழன் பகலில் அவருடைய பூட்ஸ் தடம் அந்த மலையில் பதிந்திருக்கும். வெள்ளிக்கிழமை இருட்டில் அதன் மேலேயே நடந்து அவளே கிளையால் சுத்தமாகப் பெருக்கியிருக்கிறாள். ஊர் முழுக்கப் பார்க்க, அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பக்கத்து வீட்டு இரினா, "உன்ன நம்பித்தானேடி நாங்க இருந்தோம்" என்றாள். பொழுது சாய்வதற்குள் பத்து வீட்டுக்காரர்களும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள்.

தோதெர் அன்றே நேர்சாலையில் நடந்து வீட்டுக்கு வந்தான். "ரூக்சாண்ட்ரா படிக்கணுமில்ல" என்று ஆரம்பித்தான். சாஃப்தா அவன் முன்னால் களியை வைத்தாள், உப்புக் கிண்ணத்தை முழுசாகப் பக்கத்தில் வைத்தாள்.

திங்கட்கிழமை அவர்கள் குதிரை முர்காவைக் கூட்டுப்பண்ணைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் அது கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து வேலிக்கதவில் மார்பை முட்டிக் கனைத்தது. தோதெர் சட்டென்று எழுந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"தொறக்கவா?"

"எதுக்கு? குடுத்தது நீதானே. நீயே கொண்டுபோய் விடு."

அவன் அறுந்த கயிற்றைப் பிடித்தான். குதிரை நகர மறுத்தது, பிறகு நடந்தது. புதுப்பனி விழுந்து ஓய்ந்திருந்தது. வாசலிலிருந்து கூட்டுப்பண்ணை வரைக்கும் ஒரு மனிதனின் தடமும் ஒரு குதிரையின் தடமும் நீண்டு கிடந்தன. சந்தில் ஒவ்வொரு சன்னலிலும் ஒரு முகம் இருந்தது. ஊசியிலைக் கிளை சுவரில் சாய்ந்திருந்தது. சாஃப்தா அதைத் தொடவில்லை.