இருபத்தாறு முறை செத்தவரின் முகம்

புகைப்படப் பெட்டியின் அடிவரை துழாவியும் மிட்சுயோவுக்கு அப்பாவின் முகம் கிடைக்கவில்லை. முதுகு கிடைத்தது, பிடரி கிடைத்தது, வில்லாய் வளைந்து பின்னால் சரியும் இடுப்பு கிடைத்தது. ஒரு படத்தில், கலைந்த பொய்முடிக்குள்ளிருந்து ஒரு காது மட்டும் எட்டிப் பார்த்தது. எல்லாப் படங்களிலும் நட்டநடுவே, நல்ல வெளிச்சத்தில், வாளை ஓங்கியபடி நாயகன்.

"பன்னெண்டு மணிக்குள்ள படத்தைக் கொடுத்தாத்தாம்மா சாயங்காலம் பீடத்துல வைக்க முடியும்," என்றார் இறுதிச்சடங்கு நிலையத்திலிருந்து வந்திருந்த கசாய். "முகம் நேரா இருந்தாப் போதும். மத்ததை நாங்க பாத்துக்குவோம்."

அடுத்த அறையில் அப்பா தொகுசோ படுத்திருந்தார். முகத்தின் மேல் வெள்ளைத் துணி. மார்பின் மேல், தீயவை அண்டாதிருக்க வழக்கப்படி வைக்கும் சிறு கத்தி. எழுபத்தெட்டு வயதில், இப்போதும் முகத்தை மூடிக்கொண்டுதான் கிடந்தார்.

ஒற்றைச் செருப்பு டென்குரோ என்ற நாடோடி வாள்வீரனின் திரைப்படங்கள் இருபத்தாறு. இருபத்தாறிலும் வெட்டுப்பட்டுச் செத்தவர் தொகுசோ. பெயர்ப்பட்டியலில் ஒருமுறைகூட வந்ததில்லை. ஏழைகளுக்காக வாள் சுழற்றிவிட்டு, மாலை வெயிலில் ஒற்றைச் செருப்போடு நடந்து மறையும் அந்த மகானுபாவனை வழியனுப்ப, படத்துக்கு நாற்பது பேர் மண்ணைக் கவ்வ வேண்டியிருந்தது. அதைக் கலை என்று சொல்லிக்கொண்டு திரிந்த கூட்டத்தை மிட்சுயோ தன் பதினாறாம் வயதிலிருந்தே மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்தக் கூட்டத்தில் மிச்சமிருந்தவர்களில் ஒருவரான ஹிரகுச்சிதான் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். தொகுசோவுக்குப் பக்கத்தில் எப்போதும் விழும் இன்னொரு பிணம். உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தவர், "ஒருவழியா கத்தி அவன் கைக்கு வந்துடுச்சு," என்றார்.

மிட்சுயோ சிரிக்கவில்லை. "இத்தனை படத்துல ஒண்ணுல கூடவா மாமா மூஞ்சி இல்ல?"

"எங்க தொழிலோட மொதப் பாடமே அதுதானே மிட்சு. நாயகனை மறைக்கக் கூடாது. விழறப்போ கேமராவுக்கு மூஞ்சியைக் காட்டக் கூடாது. காட்டுனா ஜனங்க அவரை விட்டுட்டு நம்மளைப் பாக்கும்."

"பாத்தா என்ன, அவரு தேஞ்சா போயிடுவாரு?"

வீட்டிலும் அதே கதைதான். அவளுடைய கல்யாணப் படத்தில், சொடுக்கும் நொடியில் தொகுசோ பழக்கதோஷத்தில் தலையைத் திருப்பிக்கொண்டார். "உங்க அப்பாவுக்குக் கழுத்துச் சுளுக்கா?" என்று மாமியார் கேட்டது பத்து வருடம் ஓடியது.

வாசல் கதவு நகர்ந்தது. படநிறுவனத்தின் விளம்பரப் பிரிவிலிருந்து நொசாகா என்பவர், சட்டம் போட்ட பெரிய படமொன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். நாயகன் வெட்டுகிறார், முன்னால், மங்கலாக, ஒரு முதுகு.

"இதை வைங்கம்மா. அப்பாவுக்கு எவ்வளவு பெருமை!"

"எங்கப்பா சாவுல அவருக்கு நாங்க ஊதுவத்தி கொளுத்தணுமா?"

"ஐயோ, அவரு உயிரோட இருக்காருங்களே..."

"அதனாலதான் கேக்கறேன்."

நொசாகா படத்தைத் திருப்பிச் சுவரில் சாய்த்துவிட்டு, பூக்களின் ஏற்பாட்டைப் பார்க்கப் போய்விட்டார். கசாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பது.

ஹிரகுச்சி தொண்டையைச் செருமினார். கோட்டின் உள்பையிலிருந்து ஓரம் தேய்ந்த உறை ஒன்றை எடுத்து, கொடுப்பதா வேண்டாமா என்று கையிலேயே வைத்திருந்தார்.

"சாப்பாட்டுக்கு எந்திரிச்சுப் போற பொணம் திரும்பி வந்து அதே மாதிரி படுக்கணுமில்ல? அதுக்காகக் குறிப்பெழுதற அம்மா ஒடனே படம் வர்ற கேமராவுல ஒண்ணு எடுப்பாங்க. வேலை முடிஞ்சா குப்பைக்குப் போயிடும். இதை நான் பொறுக்கி வெச்சுக்கிட்டேன்."

"இத்தனை வருஷம் ஏன் காட்டல?"

"அவன் காட்டாதேன்னான்," என்று உறையிலிருந்த படத்தை நீட்டினார்.

ஆற்றங்கரைக் கூழாங்கற்கள். மல்லாந்து கிடக்கும் தொகுசோ. கண்கள் திறந்து, நேராக, பார்ப்பவரையே பார்க்கின்றன. கீழே வெள்ளை விளிம்பில் பெண்கையெழுத்து: பதினான்காம் படம். காட்சி 62. நவம்பர் ஒன்பது. வலது கை மார்பின் மேல். இடது கண்ணுக்குக் கீழே ஈரம், துடைக்கவும்.

நவம்பர் ஒன்பது. மிட்சுயோவுக்குப் பதினாறு வயதில், அம்மா மருத்துவமனையில் இறந்த நாள். படப்பிடிப்பு நிலையத்துக்கு மிட்சுயோதான் தொலைபேசினாள். பொழுது சாய்ந்த பிறகுதான் அப்பா வந்தார், பிடரியில் சிவப்புச் சாயம் கழுவப்படாமல். சேதி அப்போதுதான் கிடைத்தது என்றார். அவள் நம்பவில்லை, கேட்கவுமில்லை. அன்றிலிருந்து அந்தப் படங்கள் ஓடும் தெருவில்கூட நடந்ததில்லை.

"சேதி எப்ப மாமா வந்துச்சு?"

"காலையில பத்து மணிக்கு."

"அப்புறமும் படுத்திருந்தாரு."

"'நான் எந்திரிச்சுப் போயிட்டா நாப்பது பேரும் மறுபடி சாகணும்'னான். சாப்பிடக்கூட எந்திரிக்கல. அப்படியே கெடந்தான்."

"முட்டாள்," என்றாள் மிட்சுயோ.



கசாய் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "அருமையா நேரா இருக்கே! கறுப்புக் கிமோனோ போட்டுடலாம். கல்லையெல்லாம் எடுத்துட்டுப் பின்னாடி நீலமாக்கிடலாம். இந்த ஈரத்தையும்..."

"உடுப்பை மாத்துங்க. ஈரத்தை விட்டுடுங்க."

"கறை மாதிரி தெரியுமேம்மா."

"தெரியட்டும்."

மாலையில் வெள்ளைச் சாமந்திகளுக்கு நடுவே படம் இருந்தது. நாயகன் அனுப்பிய பூத்தாங்கியை நொசாகா பீடத்துக்கு முன்னாலேயே நிறுத்தியிருந்தார். இறந்தவரின் பெயரைவிட அனுப்பியவரின் பெயர் பெரிய எழுத்தில். மிட்சுயோ அதை இரு கைகளாலும் இழுத்துச் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் விட்டாள்.

பழைய பிணங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முழங்கால் மடங்காதவர்கள், முதுகு நிமிராதவர்கள். கடைசியில் ஹிரகுச்சி தூபப்பொடியை நெற்றிவரை உயர்த்தி நெருப்பில் இட்டார். கும்பிட்டார். நிமிர்ந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

பிறகு, உட்கார்ந்திருந்தவர்களுக்கும் படத்துக்கும் குறுக்கே தான் நிற்பதை உணர்ந்தவர்போல, சட்டென்று இடுப்பைத் தாழ்த்தி, இரண்டே எட்டில், தன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரமாக விலகினார்.