முட்டை ஒவ்வாமை: ஆம் / இல்லை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு கௌரவமான காரணம் ஏதாவது சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், அகப்படவில்லை. பொறாமை என்னுடையது. என் நாத்தனார்மேல்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வெப்பமண்டல மருத்துவம் படித்தவர்களுக்கு உலகமெங்கும் கதவுகள்..." கல்லூரிச் சேர்க்கைக் கையேடு மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டேன்.

2

நானும் அவளும் ஒரே வகுப்பு. மலேரியாக் கிருமியை ஒரே நுண்ணோக்கியில் முறைவைத்துப் பார்த்தவர்கள். பிறகு அவள் அண்ணனையே கட்டிக்கொண்டேன். 'வாடீ, போடீ' என்றவள் 'அண்ணி' என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

படிப்பு முடிந்ததும் வகுப்பே சிதறியது. சிலர் ஆய்வகம், சிலர் கொசு ஆராய்ச்சி, ஒருவர் தடுப்பூசித் தயாரிப்பு. அவள் கொள்ளைநோய் பரவும் ஊர்களுக்குப் போனாள். எனக்கு வாய்த்தது பயணிகள் தடுப்பூசி மையம். ஊசி போடுவேன், வெளிநாடு போக அதற்குச் சான்றான மஞ்சள் அட்டையில் முத்திரை குத்துவேன். போகிறவர்கள் எல்லாம் என்னைத் தாண்டித்தான் போகிறார்கள். நான் அதே நாற்காலியில்.

(குழந்தை பிறந்ததால் போக முடியவில்லை என்று எழுதி, அடித்துவிட்டேன். அவளுக்கும் இரண்டு இருக்கின்றன.)

3

மஞ்சள் காய்ச்சல் பரவும் ஒரு நாட்டில் மருத்துவக் குழுத் தலைமைப் பதவி. இருவரும் விண்ணப்பித்தோம். அவளுக்குக் கிடைத்தது. அவள் போகாவிட்டால் அடுத்த பெயர் என்னுடையது.

ஊசிக்கு என்னிடமே வந்தாள்.

"உங்க கைன்னா வலிக்காது அண்ணி. அதான் வேற எங்கயும் போகல."

(இந்த இடத்தில் அவளைத் திமிர் பிடித்தவளாகக் காட்டப் பார்த்தேன். பாவி, ஒத்துழைக்கவில்லை.)

படிவத்தை நிரப்பி நீட்டினாள். 'முட்டை ஒவ்வாமை உண்டா?' 'இல்லை'யில் டிக்.

அந்தத் தடுப்பு மருந்தைக் கோழி முட்டைக் கருவில் வளர்த்து எடுக்கிறார்கள். முட்டை அடியோடு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. விடுதியில் ஒருநாள் கேக் தின்று, உதடு வீங்கி, மூச்சுத் திணறியவளைத் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான்.

"ஏய், இது..." என்று இழுத்தேன்.

"அது எந்தக் காலத்துக் கதை! இதை எழுதினா ஊசி கிடையாது. ஊசி இல்லேன்னா வேலையும் கிடையாது. வீங்கினா மாத்து மருந்துதான் பக்கத்துல இருக்கே. போடுங்க அண்ணி, நமக்குள்ள என்ன?"

நான் படித்ததைத்தான் அவளும் படித்தாள். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

4

முடிவு ஒன்று: 'மாட்டேன்' என்கிறேன். அவளைக் கூடப்பிறந்தவளாக நினைக்கும் பாசத்தில்... பொய். அடித்தாயிற்று.

முடிவு இரண்டு: பொறாமையில் தடுத்துவிட்டாள் என்று வீட்டில் பேசுவார்களே என்று பயந்து ஊசியைப் போட்டுவிடுகிறேன். பெருந்தன்மையாகத் தெரிகிறது. அவள் பிழைப்பாளா என்பதுதான் தெரியவில்லை.

என் சங்கடம் புரிகிறதா? செய்ய வேண்டிய சரியான காரியமும் என் வயிற்றெரிச்சல் கேட்கிற காரியமும் ஒன்றாகவே இருக்கின்றன. இதற்கு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

5

அவள் சட்டைக் கையை மடித்துவிட்டுக் காத்திருக்கிறாள். இனி நீங்கள் எழுதுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். நான் மறுப்பதாக எழுதினால், மறுக்கும்போது என் முகத்தில் சந்தோஷம் இல்லாமல் எழுதிவிடுங்கள். நான் ஏழு தடவை எழுதிப் பார்த்தேன். ஏழு தடவையும் சிரித்துவிட்டேன்.