இரண்டு கீறல்

முதல் அடி தோளில் விழுந்தது. மெக்கானிக் அதை அடி என்றே நினைக்கவில்லை. மேலே தொங்கும் சங்கிலிக் கப்பி அறுந்து விழுந்துவிட்டதாக்கும் என்று அண்ணாந்து பார்த்தார். இரண்டாவது அடி காறை எலும்பில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவர் காதுக்கே கேட்டது. அப்புறம்தான் திரும்பினார்.

வீல் ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்தபடி பேக்கரிக்காரர் நின்றிருந்தார். மூன்று தெரு தள்ளிக் கடை வைத்திருப்பவர். கடனுக்கு ரொட்டி கேட்பவர்களிடம்கூடக் குரலை உயர்த்தத் தெரியாத மனுஷன். அவர் சட்டை முழுக்கக் காய்ந்த ரத்தம். அது அவருடைய ரத்தம் இல்லை.

"புதுசு போட்டேன்னு பில்லு எழுதிக் குடுத்தியே. அத நம்பித்தானேடா வாங்கினேன்."

"என்னன்னு சொல்லுங்க. எந்த வண்டி?"

"காலையில ஆஸ்பத்திரியில எம் பொண்டாட்டி கால எடுத்துட்டாங்க. முட்டிக்கு மேல. எந்த வண்டின்னு கேக்கறியா நீ?"

மூன்றாவது அடி விலாவில். மெக்கானிக் ஆயில் டிரேயின் மேல் சரிந்து, கறுப்பு எண்ணெயோடு தரையில் உருண்டார். சுவரில் மோதி நசுங்கிய வண்டியை ஷெட் வாசலில் இறக்கிப் போட்டிருந்த ரெக்கவரி லாரிக்காரர் நிலவரத்தைப் பார்த்தார், லாரியில் ஏறி உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டார். உலகத்தில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே இல்லை.

வண்டி ஒரு சின்ன கிராஸ்ஓவர், கொஞ்சம் உயரமான கார். எட்டு வருஷம் ஓடியது. மோதுவதற்கு முன் வெளியே பார்த்தால் பளபளவென்று மாப்பிள்ளைக் கோலம், அடியில் போய்ப் பார்த்தால் அத்தனையும் சீக்கு. இரண்டு மாதம் முன்பு அதை இந்த ஷெட்டுக்குக் கொண்டுவந்தவன் மெக்கானிக்கின் தங்கை புருஷன். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பழைய கார் விற்கிறான். அதற்கு முன்னால் இதே ஷெட்டில் இரண்டு வருஷம் ஸ்பேனர் பிடித்தவன்தான். கையில் அழுக்குப் படுவது பிடிக்காமல் வியாபாரத்துக்குப் போனான்.

அன்றைக்கு மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றி ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்த மாதிரி வண்டிகளுக்கு இந்த வயதில் வருகிற வழக்கமான வியாதிகள். கியர்பாக்ஸ் ஆயிலை யாருமே மாற்றியிருக்க மாட்டார்கள், அது போனால் வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். எஞ்சின் மவுண்ட் ரப்பர் செத்துவிட்டது. ஏ.சி. கம்ப்ரசர் முனகுகிறது. முன்சக்கரத்தை அடித்தண்டோடு பிடித்து வைத்திருக்கிற குண்டு மூட்டு, பால் ஜாயிண்ட் என்பார்கள், இரண்டு பக்கமும் ஆடுகிறது.

"இவ்வளவும் போட்டா எனக்கு என்ன மச்சான் மிஞ்சும்? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"அப்ப பால் ஜாயிண்ட் மட்டும் போடு மாப்ள. மத்தது போனா வண்டி நிக்கும். இது போனா ஆளு போயிடும்."

புதிய ஜோடி ஒன்றை மெக்கானிக்கே தன் கையால் மாட்டினார், பில் எழுதினார். கழற்றிய பழைய ஜோடியில் வழக்கம்போல் அரத்தால் இரண்டிரண்டு கீறல் போட்டுச் சாக்குப் பையில் கட்டி மாப்பிள்ளை கையில் கொடுத்தார். அது அவர் இருபது வருஷப் பழக்கம். எதை மாற்றினோம் என்று உடைமைக்காரன் கண்ணால் பார்க்க வேண்டும், பழையதை யாரும் புதிது என்று விற்கவும் கூடாது. ரொம்ப நேர்மையான பழக்கம்தான். விவரமுள்ளவனாக இருந்தால் சுத்தியலால் நசுக்கிப் பழைய இரும்பில் எறிந்திருப்பான்.

அந்தப் பில்லைக் காட்டி மாப்பிள்ளை விற்ற வண்டியை வாங்கியவர்தான் பேக்கரிக்காரர். இப்போது அவர் ஸ்பேனரைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். அந்த அடி இறங்கியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பின்னாலிருந்து ஓர் இரும்புக் குழாய் அவர் மண்டையில் விழுந்தது. ஸ்பேனர் நழுவி மெக்கானிக்கின் பக்கத்தில் விழ, பேக்கரிக்காரர் மண்டியிட்டு உட்கார்ந்து அப்படியே குப்புறச் சாய்ந்தார்.

"மச்சான், நான் வந்துட்டேன். பயப்படாதீங்க."

மாப்பிள்ளைதான். சுவர் தாண்டி ஓடி வந்திருக்கிறான். காப்பாற்ற வந்தவன் அதோடு நிறுத்தவில்லை. விழுந்து கிடந்தவரின் முதுகில் இன்னொன்று போட்டான், பிறகு இடுப்பில் ஒன்று. பேக்கரிக்காரர் வாயிலிருந்து ரத்தம் குமிழியிட்டது. அந்த வாய் இனிப் பேசவே கூடாது என்பதுபோல அடித்தான்.

மெக்கானிக் நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது. முகம் தரையோடு தரையாகக் கிடந்ததால் அவர் கண்ணுக்கு நேராக இருந்தது அந்த வண்டியின் முன்சக்கரம் ஒன்றுதான். சக்கரம் உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது. குண்டு தன் குழியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வந்திருந்தது. சுற்றிலும் கிரீஸை அப்பி வைத்திருந்தார்கள், தேவையே இல்லாத இடத்தில். ஒரு பக்கம் சுவரில் உரசியதில் அந்தக் கிரீஸ் வழிக்கப்பட்டிருந்தது.

அங்கே இரண்டு கீறல் தெரிந்தது.

வலி என்று ஒன்று இருந்ததே அவருக்கு மறந்து போயிற்று. தன் அரம், தன் கை, தன் கீறல். கழற்றி எறிய வேண்டியதைக் கழற்றிக் கொடுத்தோம், அது வந்த இடத்துக்கே திரும்பிப் போயிருக்கிறது. மாட்டியவன் யார் என்று யோசிக்கவும் வேண்டியிருக்கவில்லை.

"மாப்ள. புதுச என்ன பண்ணின?"

குழாய் அந்தரத்தில் நின்றது. மாப்பிள்ளை மடங்கிய சக்கரத்தைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான். குந்தி உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினான்.

"வித்துத் திங்கல மச்சான். சத்தியமா. உங்க தங்கச்சி வண்டிக்குத்தான் போட்டேன். அதுவும் இதே மாடல்தானே? ஸ்கூலுக்குப் புள்ளைங்கள ஏத்திட்டுப் போறா, திருப்பத்துல எல்லாம் டொக்கு டொக்குன்னு சத்தம். ரெண்டு ஜோடி வாங்க எங்கிட்ட ஏது காசு? பழசு இன்னும் ஒரு வருஷம் ஓடும்னு நெனச்சேன்."

போன மாதம் தங்கை அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தபோது, சத்தம் நின்றுவிட்டதே என்று மெக்கானிக் சந்தோஷப்பட்டது உண்டு. என் பேச்சைக் கேட்டு மாப்பிள்ளை செலவு செய்திருக்கிறான் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னதும் உண்டு.

"இந்தாளு முழிச்சதும் நாலு வார்த்தை பேசி அனுப்பிடலாம் மச்சான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏதாவது குடுப்போம். நீங்க மட்டும் வாயத் தொறக்காதீங்க. நான் உள்ள போனா உங்க தங்கச்சிதான் தெருவுல நிப்பா."

"சரி. கை குடு, எந்திரிக்கறேன்."

மாப்பிள்ளை குழாயைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து கை நீட்டினான். மெக்கானிக் வலது கையால் வீல் ஸ்பேனரை எடுத்து அவன் முழங்காலில் அடித்தார். இருபது வருஷம் துருப்பிடித்த நட்டைக் கழற்றிய கை. ஒரே அடியில் முட்டி பக்கவாட்டில் திரும்பியது. மாப்பிள்ளை விழுந்து அலறினான். அதே முட்டியில் இன்னொன்று வைத்தார். மெக்கானிக்கின் முறிந்த காறை எலும்பு தோலுக்கு அடியில் குத்தியது, இவரும் கூடவே அலறினார். மூன்றாவது அடிக்குக் கை எழவில்லை. எழுந்திருந்தால் அடித்திருப்பார்.

பிறகு பேக்கரிக்காரர் பக்கம் நகர்ந்து போனார். அவர் கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது.

"அந்தச் சக்கரத்தப் பாருங்க. ரெண்டு கீறல் தெரியுதா? அது நான் கழட்டிக் குடுத்தது. திருப்பி மாட்டினவன் இதோ கெடக்கறான். போலீஸ்ல சொல்லுங்க, நானும் வந்து சொல்றேன்."

பேக்கரிக்காரர் சக்கரத்தைப் பார்த்தார், அலறிக்கொண்டிருந்தவனின் திரும்பிய காலைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு ஆறுதலும் வரவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"இதனால அவளுக்குக் கால் மொளைக்குமா?"



வாசல் மேட்டில் இன்னொரு கிராஸ்ஓவர் ஏறி இறங்கியது. முன்சக்கரத்தில் ஒரு சத்தமும் இல்லை. கதவைத் திறந்து தங்கை குதித்து இறங்கி ஓடி வந்தாள். பின்சீட்டில் பிள்ளைகள் இரண்டும் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தன. மெக்கானிக் தன்னையறியாமல் தங்கையின் கால்களைத்தான் பார்த்தார். இரண்டும் இருந்தன. அவருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அவருக்கு அருவருப்பாகவும் இருந்தது.

"ஐயோ, யாருண்ணா எங்க வீட்டுக்காரர அடிச்சது?"

"நான்தாம்மா. மொதல்ல புள்ளைங்கள எறக்கு. சாவிய எங்கிட்ட குடு. உன் முன்சக்கரத்துல இருக்கறது பேக்கரிக்காரர் வண்டியோட ஜாயிண்ட்."