தலையசைத்தால் போதும்

1

ஒரு கல்லின் மேல் வந்த கோபத்தில் பிறந்த கதை இது. எங்கள் மாசசூசெட்ஸ் ஊரில், நான் தினமும் கடக்கும் பழைய வீட்டு வாசலில் அந்தக் கல் இருக்கிறது: 'இவ்வீட்டாரை உண்பித்து உடுத்துவித்த ஜேபஸ் இங்கே வாழ்ந்தார்.' உண்பித்தாராம். உடுத்துவித்தாராம். மாவு பிசைந்தது யார், நூல் நூற்றது யார்? கல்லில் மனைவியின் பெயரைத் தேடினேன். இல்லை. மெஹிதபெல் என்று நானே வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "1670-ஆம் ஆண்டு, ஓர் இனிய வசந்த காலையில், மெஹிதபெல் புன்னகையோடு—"

வேண்டாம். பன்றிக் கொழுப்பு கொதிக்கும் கொப்பரைக்கு முன்னால் யாரும் புன்னகைப்பதில்லை.

மறுபடி. சனிக்கிழமை. குளிர்காலம் முழுக்கச் சேர்த்த கொழுப்பில், சாம்பலிலிருந்து வடித்த காரநீரை ஊற்றி அவள் சோப்பு காய்ச்சுகிறாள். சூரியன் மறைந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும். பிறகு வேலை செய்வது பாவம். பாதியில் விட்டால் வருடத்துச் சோப்பு பாழ். நேரம் இருந்தது, தேவாலயச் சபையின் ஊழியரான டீக்கன் ஓபதயா வரும்வரை.

"அடுப்புல அவரைக்கொட்டை வேகுற வாசனை தெரு வரைக்கும் இழுக்குது சகோதரி!"

"உக்காருங்க டீக்கன்," என்றான் ஜேபஸ். "மெஹி, அவருக்குப் போட்டு வை."

"கொப்பரை பொங்குதுங்க. நீங்களே எடுத்து வைக்கக் கூடாதா?"

"நானா?" ஜேபஸ் சிரித்தான். டீக்கனும் சேர்ந்து சிரித்தார்.

அவர் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். கிளம்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. இருட்டிய பிறகும் அவள் கிண்டிக்கொண்டிருந்தாள்.

[புகையைப் பார்த்துச் சபையில் புகார் சொன்னவர் அதே டீக்கன்தான். அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன், வெளியே எழுதினால் கத்திவிடுவேன்.]

3

அவள் சபை முன் நின்று பாவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை அவளுடைய கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை; அது பெறாமல் இறந்தால் மோட்சம் இல்லை என்று ஊரே பயந்த காலம். குழந்தைக்கோ மார்ச்சளி, பால்கூட இறங்கவில்லை. அந்தச் சபையில் பெண் பேசக் கூடாது. கணவன் எழுதிக் கொடுப்பான், போதகர் வாசிப்பார்.

"'என் சோம்பலினால் வேலையை முடிக்காமல்'னு எழுதியிருக்கேன்," என்றான் ஜேபஸ்.

"சோம்பலா? யாருக்குங்க?"

"ஒரு வார்த்தைதானே. நீ தலையசைச்சா போதும். புள்ளைய நினைச்சுப் பாரு."

"வேற யாரை நினைக்கிறேன்? அவரு தின்னதை எழுதுங்க. நீங்க சிரிச்சதை எழுதுங்க."

"எழுதினா போதகர் வாசிக்க மாட்டாருடி."

4

முடிவு ஒன்று: தலையசைக்கிறாள். குழந்தையின் நெற்றியில் தண்ணீர் விழுகிறது. டீக்கன் 'ஆமென்' என்கிறார். என்னால் இதைச் சகிக்க—

முடிவு இரண்டு: மறுத்து வெளியேறுகிறாள். நீங்கள் கைதட்டுவீர்கள். கைதட்டுகிற யாரும் அந்தத் தொட்டிலருகே உட்காரப் போவதில்லை.

பிறகு அவளுக்காக ஒரு நீண்ட உரை எழுதினேன். நன்றாகவே வந்தது. அப்போதுதான் உறைத்தது: அவள் வாயில் வார்த்தை வைப்பதில் ஜேபஸுக்கு அடுத்த ஆள் நான். கிழித்துப் போட்டேன்.

ஆகவே, ஞாயிறு. மெஹிதபெல் நிற்கிறாள். காரநீர் பட்டு வெந்த கைகளில் குழந்தை. போதகர் வாசித்து முடித்துவிட்டார். சபை முழுவதும் அவள் தலையையே பார்க்கிறது. நீங்களும்தான்.

தலையை விடுங்கள். அந்தக் கைகளைப் பாருங்கள். பார்த்துவிட்டு, சோம்பேறி என்பதற்கு முதலில் நீங்கள் தலையசையுங்கள், முடிந்தால்.