ஜனாதிபதிக்கு ஒரு மழைக்கோட்டு

வாமதேவன் மூன்று நாளாக மனைவியோடு பேசவில்லை. ஏசியிருந்தால் சாரதாதேவி தாங்கியிருப்பாள். வாயைத் திறக்காமல் உணவக வேலைக்குப் போய் வருகிற மனிதரை என்ன செய்வது, சொல்லுங்கள்.

அவருக்குப் பழைய அமெரிக்கத் தாள்கள் சேர்க்கிற பைத்தியம். அந்த நாட்டின் ஆரம்பகால ஜனாதிபதிகளின் பேச்சைத் தனித்தாளில் அச்சடித்து, சந்தியில் ஒட்டி, ஊர் கூடி வாசித்த காலத்துத் தாள்கள். பதினொரு வருடம் தேடியதில் ஒன்று கைக்கு வந்தது. இருநூறு வருடத்துக்கு மேல் பழசு, ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது.

அந்த ஓரம்தான் அவளை உறுத்தியது. பிரான்சுக்கு வந்த புதிதில், அகதி விண்ணப்ப வரிசையில் மழை பிடித்து, அவளுடைய பிறப்புப் பத்திரம் கூழாகிப் போனது. அன்றிலிருந்து அவள் லமினேட் செய்யாத கடதாசி அந்த வீட்டில் கிடையாது. கணவர் இல்லாத நேரம் தாளை ரூ பிலிப்-து-ஜிரார் தெருவிலிருந்த லமினேட் கடைக்குக் கொண்டு போனாள். பிளாஸ்ரிக்குக்குள் வைத்துச் சூடு காட்டி, பளபளவென்று கொடுத்தார்கள். ஆசையோடுதான் செய்தாள், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை, தாளைப் பார்க்கவென்றே பாரிஸ் புறநகரான திரான்சியிலிருந்து இராஜேந்திரன் வந்தார். அவருக்கும் இதே பைத்தியம். வாமதேவனோ அலுமாரியைத் திறக்காமல், தேத்தண்ணியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மனைவியைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனமில்லை என்று சாரதாதேவிக்கு விளங்கியது. அவளே தாளை எடுத்து வந்தாள்.

"அண்ணை, இது நான் செய்த வேலை."

இராஜேந்திரன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தங்கச்சி, ஜனாதிபதிக்கு மழைக்கோட்டு போட்டு விட்டிருக்கிறியள்."

"கழட்டேலாதோ?"

"கழட்டினால் எழுத்தும் சேர்ந்து வரும். இனிச் சேர்க்கிற ஆக்கள் ஒருத்தரும் இதைத் தொடமாட்டினம்."

அவள் கணவரின் பக்கம் திரும்பினாள். "அப்பிடி என்னதான் இதிலை சொல்லியிருக்கிறார்?"

வாமதேவன் தாளைக் கையில் வாங்கினார்.

"பதவியிலை இருந்தது காணும், இனி நான் வீட்டை போறன் எண்டு சொல்லுறார்."

"ஒருத்தரும் கலைக்காமலோ?"

"ஓம். தானாத்தான்."

"எங்கடை நாட்டிலை இப்பிடி ஒருத்தரைக் கண்டனீங்களோ, அண்ணை?"

"கண்டிருந்தால் நான் ஏன் திரான்சியிலை இருக்கிறன்?" என்றார் இராஜேந்திரன்.

வாமதேவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முழுக்க வாசியுங்கோ," என்றாள்.

அச்சகத்தின் பெயரையும் தாளின் ரேகையையும் நூறு தரம் பார்த்தவர், அந்தப் பேச்சைக் கடைசி வரை வாசித்ததில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆங்கிலத்தில் ஒரு வரி, அவளுக்காகத் தமிழில் ஒரு வரி என்று தொடங்கினார். பிளாஸ்ரிக்கில் வெயில் பட்டுக் கண் கூசியது. தாளைச் சரித்துச் சரித்துப் பிடித்தார்.

அவள் எழும்பிப் போய் யன்னல் திரையை இழுத்துவிட்டாள்.