வலது கிளிப்

காலை எட்டு மணிக்கு அந்த வேலையைச் செய்தேன். எட்டரைக்குள் மறந்தும் விட்டேன்.

பெரிய வேலையில்லை. தாளை வீணாக்காதீர்கள் என்று மேனேஜர் முந்தின நாள் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார். அதையே ஒரு முழுத்தாளில் நாலு வரி அடித்து மீதியை வெள்ளையாக விட்டிருந்தார். நான் கம்ப்யூட்டரில் பிரிண்டர் பகுதியைத் திறந்து, ‘இரு பக்கமும் அச்சிடு’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். அவ்வளவுதான். இனி இரண்டு தாள் போகிற இடத்தில் ஒரு தாள் போகும். மேனேஜர் ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன்.

எங்களுடையது சின்ன ஆஸ்பத்திரி. கீழே பதிவு, மருந்துக்கடை, டாக்டர்களின் அறைகள். மேலே இருபது படுக்கை. படுக்க வருகிறவர்களின் விவரத்தைக் கேட்டு எழுதி, அச்செடுத்து மேலே அனுப்புவது என் வேலை. விவரம் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் பெயர், வயது, படுக்கை எண், என்ன தொந்தரவு. அதற்குக் கீழே டாக்டர் மருந்து எழுதக் கோடு போட்ட இடம். இரண்டாம் பக்கத்தில் பழைய ஆபரேஷன், வேறு வியாதி, கடைசியில் தடித்த கட்டத்துக்குள் ‘ஒத்துக்கொள்ளாத மருந்து’.

ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் சுவரில் ஒரு பலகை. பலகையில் இரண்டு கிளிப். இடது கிளிப்பில் முதல் பக்கம், வலது கிளிப்பில் இரண்டாம் பக்கம். பாதிப் பேருக்கு மேல் இரண்டாம் பக்கத்தில் எழுத ஒன்றும் இருக்காது. வெறும் கட்டங்களை எதற்கு அச்செடுப்பது என்று அவர்களுக்கு முதல் பக்கத்தை மட்டும் அனுப்புவோம். வருஷக்கணக்காக இப்படித்தான். டாக்டரானாலும் சிஸ்டரானாலும் படுக்கைப் பக்கம் வந்ததும் கண் முதலில் வலது கிளிப்புக்குத்தான் போகும். அது காலியாக இருந்தால் பயமில்லை. எந்த மருந்தையும் கொடுக்கலாம்.

டிக் போட்டபோது இதை நான் நினைக்கவில்லை.

எட்டே முக்காலுக்கு ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு அவருடைய மகள் வந்தாள். அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கிப் பளபளவென்றிருந்தது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காது மந்தம். கிளம்பின அவசரத்தில் காது மெஷினை வீட்டிலேயே விட்டுவிட்டார்கள்.

“ஐயா, வயசு என்ன?” என்று சத்தமாகக் கேட்டேன்.

“உள்ள எடம் இருக்கு, நகர்ந்து போங்க” என்றார்.

மகள் அவர் தோளைத் தட்டினாள். “அப்பா, சும்மா இருங்க. அவரு அப்படித்தாங்க. காது கேக்கலன்னா இதைச் சொல்லிச் சமாளிப்பாரு. டாக்டர் எது கேட்டாலும் ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ன்னுடுவாரு. நீங்க என்கிட்ட கேளுங்க.”

கேட்டேன். எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் வந்தது. ஒத்துக்கொள்ளாத மருந்துக்கு வந்தபோது மட்டும் அவள் மேசைமேல் குனிந்தாள்.

“பென்சிலின். அந்த ஜாதியில எதுவுமே ஆகாது. ஒரு தடவை போட்டு, மூச்சு நின்னு, பொழச்சதே பெரிய விஷயம். எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேன்கா.”

“கொட்டை எழுத்துல போடுங்க.”

“கொட்டை எழுத்துலதான் போட்டிருக்கேன்.”

எழுந்து வந்து என் திரையில் பார்த்தாள். பிறகுதான் நம்பினாள். அப்பாவை மேலே ஒன்பதாம் படுக்கையில் விட்டுவிட்டு, காது மெஷினும் மாற்றுத் துணியும் எடுத்துவரப் போனாள். பதினோரு மணிக்குள் வந்துவிடுவதாகச் சொன்னாள்.

அச்செடுக்கக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் பெயர் கேட்டேன். பிரிண்டர் எனக்குப் பின்னால் இருக்கிறது. அது ஏதோ முனகியது. வார்டு அம்மா வந்து தட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு மேலே போனாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தாளின் தலைப்பில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து, அந்தப் படுக்கையின் பலகையில் மாட்டிவிட்டு வருவாள். ஒரு தாள் என்றால் இடது. இரண்டு என்றால் இடதும் வலதும்.

பத்தே காலுக்குக் கூட்டம் குறைந்தது. புதிதாக வந்த ஒருவரின் விவரத்தை அச்சுக்குக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டிச் சோம்பல் முறித்தேன். பக்கத்து ஜன்னலில் மருந்துக்கடை அண்ணன் அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன தங்கச்சி, உன் மெஷினுக்கு வயித்துல ஏதாவது கோளாறா?”

“ஏண்ணே?”

“துப்பின தாளைத் திரும்ப முழுங்குதே. நானும் காலையிலேருந்து பாக்கறேன்.”

திரும்பினேன். தாள் பாதி வெளியே வந்து நின்றிருந்தது. யாரோ உள்ளேயிருந்து இழுத்ததுபோல் மறுபடி உள்ளே போனது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு முழுதாக வந்து தட்டில் விழுந்தது.

எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கம். இரண்டாம் பக்கத்துக்காகத் தட்டைத் தடவினேன். தட்டு காலி. இவருக்கு இரண்டு பக்கம் வர வேண்டும். தாளைப் புரட்டினேன். பின்னால் தடித்த கட்டம் இருந்தது.



எட்டு மணியிலிருந்து மேலே போனவை ஆறு. விரல் விட்டு எண்ணினேன். மூன்று பேருக்கு இரண்டாம் பக்கத்தில் ஒன்றும் கிடையாது. நான்காம் படுக்கைக்குப் பழைய ஆபரேஷன். பதின்மூன்றுக்குச் சர்க்கரை. ஒன்பது.

மூன்று தாளும் இடது கிளிப்பில் இருக்கும். பின்பக்கம் பலகையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்று பலகையிலும் வலது கிளிப் காலி.

மேலே போன் போட்டேன். வேறொரு பேச்சில் இருந்தது. மறுபடி போட்டேன். அதே சத்தம். டாக்டர் அறையில் யாரும் எடுக்கவில்லை. பிரிண்டர் மறுபடி முனக ஆரம்பித்தது. அடுத்த அறையிலிருந்து யாரோ எதையோ அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுடையதும் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் வரும்.

“அண்ணே, அதை நிறுத்துங்க!”

“எதை?”

“ரெண்டு பக்கத்தை! பின்பக்கம் அடிக்குது, நிறுத்துங்க!”

“எந்தப் பொத்தான்மா?”

அதற்குள் நான் படியில் இருந்தேன். லிப்டில் படுக்கை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இருபத்தாறு படி. தினமும் ஏறுகிற படிதான். பாதியில் செருப்பு ஒன்று நழுவியது. விட்டுவிட்டேன். கீழேயிருந்து அண்ணனின் குரல் வந்தது.

“வயரையே புடுங்கிட்டேன் தங்கச்சி! போதுமா?”

வார்டு அமைதியாக இருந்தது. பெரிய சிஸ்டர் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். போன் ரிசீவர் சரியாக வைக்கப்படாமல் சாய்ந்திருந்தது.

“ஒன்பதுக்கு என்ன குடுத்தீங்க, சிஸ்டர்?”

“ஏன் இப்படி மூச்சு வாங்குது உனக்கு? செருப்பு எங்க?”

“ஒன்பதுக்கு என்ன ஊசி?”

“கால்ல சீழ் இருக்கே, அதுக்குத்தான். டாக்டர் உடனே போடச் சொன்னாரு. இப்பதான் பாட்டில் மாட்டிட்டு வந்து உக்காந்தேன்.” ஒரு பெயர் சொன்னார்.

“அது பென்சிலின் ஜாதியா?”

“ஆமா.”

ஒன்பதாம் படுக்கைக்கு ஓடினேன். பெரியவர் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். சின்ன பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. இடது கிளிப்பிலிருந்து தாளைப் பிடுங்கினேன். மூலை கிழிந்தது. புரட்டி, பின்னால் வந்த சிஸ்டரின் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

அவர் படித்தார். கத்தவில்லை. ஒரே எட்டில் குழாயின் சக்கரத்தை உருட்டி மூடினார். சொட்டு நின்றது. பாட்டிலில் முக்கால்வாசி இன்னும் இருந்தது.

“கேட்டேனே” என்றார். என்னிடம் சொல்லவில்லை. “டாக்டரும் கேட்டாரு, நானும் கேட்டேன். ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ன்னாரே.”

பெரியவர் என்னைப் பார்த்தார். கழுத்தைச் சொறிந்துகொண்டார். பிறகு காதுக்குப் பின்னால். பிறகு இரண்டு கையாலும் நெஞ்சை.

“அவசரத் தட்டு!” என்று சிஸ்டர் குரல் கொடுத்தார். “டாக்டரைக் கூப்பிடு! ஓடு!”

யாரோ ஓடினார்கள். நான் அசையவில்லை. அவர் உதடு வீங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்முன்னால் வீங்கியது. கண் இமை தடித்தது.

“காத்து வரல. ஜன்னலைத் தொறங்க” என்றார்.

ஜன்னல் திறந்துதான் இருந்தது.

“காலைப் பிடி” என்றார் சிஸ்டர். “நல்ல காலை. அழுத்திப் பிடி.”

பிடித்தேன். துணிக்கு மேலாகவே தொடையில் முறிவு ஊசி இறங்கியது. பெரியவர் மூச்சை இழுத்தார். உள்ளே போகிற ஒவ்வொரு மூச்சும் விசில் மாதிரி ஊதியது. ஒன்று. அடுத்தது வர நேரமானது. இன்னொன்று. அதற்கு இன்னும் நேரமானது. அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸின் மேல்கம்பியைப் பிடிக்கிற பிடி. நான் யார் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் விட்டிருப்பார்.

டாக்டர் வந்தார். முகத்தில் ஆக்சிஜன் மூடி ஏறியது. எத்தனை நிமிஷம் என்று யாரோ கேட்டார்கள். இன்னொரு ஊசி போட்டார்கள். நான் அவர் நெஞ்சை மட்டும் பார்த்தேன். ஏறியது. நின்றது. இறங்கு என்று எனக்குள் சொன்னேன். இறங்கியது. ஏறு என்றேன். அது ஏறுகிறவரை என் மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

விசில் எப்போது மெலிந்தது என்று தெரியவில்லை. என் கை வலித்தபோதுதான், அவர் இன்னும் அதே பிடியில் பிடித்திருக்கிறார் என்று உறைத்தது.

“இப்போதைக்குத் தப்பிச்சாரு” என்றார் டாக்டர். “திரும்ப வரலாம். நாளைக்குக் காலை வரைக்கும் யாராவது பக்கத்துலயே இருக்கணும்.” வலது கிளிப்பைப் பார்த்தார். “ரெண்டாம் பக்கம் இல்லையே. நான் பாத்தேனே.”

சிஸ்டர் படுக்கையில் கிடந்த தாளை எடுத்து அவரிடம் கொடுத்தார். டாக்டர் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், மறுபடி முன்னால் பார்த்தார். அங்கே அவருடைய கையெழுத்தில் அந்த மருந்தின் பெயர் இருந்தது.

“யார் இப்படி அடிச்சது?”

“நான்தான் சார்.”

அவர் தாளைப் பின்பக்கம் தெரிகிற மாதிரி கிளிப்பில் மாட்டினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சிஸ்டர் என்னை இழுத்துக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போனார். ஒவ்வொரு தாளையும் எடுத்துப் புரட்டினோம். நேற்று வந்தவர்களுடையதும், போன வாரம் வந்தவர்களுடையதும். அவற்றின் பின்பக்கம் வெள்ளை என்று எனக்குத் தெரியும். இருந்தும் புரட்டினேன். பதின்மூன்றாம் படுக்கைக்குக் குளுகோஸ் பாட்டில் தயாராகத் தொங்கியது. இன்னும் ஊசி குத்தவில்லை. சிஸ்டர் பாட்டிலைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“வலது காலின்னா பயமில்லைன்னு புதுசா வர்ற பொண்ணுங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்” என்றார். “போ. முதல்ல அதை மாத்து.”

படியில் செருப்பு கிடந்தது. போட்டுக்கொண்டு இறங்கினேன்.

மருந்துக்கடை அண்ணன் வயரைக் கையில் சுற்றிப் பிடித்தபடி பிரிண்டருக்குப் பக்கத்தில் காவல் நின்றிருந்தார். ஒன்பதாம் படுக்கையில் நடந்ததை அவரிடம் சொன்னேன்.

“குத்திடுங்கண்ணே” என்றேன்.

வயரைக் குத்தினால் மட்டும் போதாது. டிக் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. மௌஸில் கை வைத்தேன். அந்தப் பகுதியைத் திறந்தேன். டிக்கை எடுத்தேன். மூடினேன். மறுபடி திறந்து பார்த்தேன். கட்டம் காலியாகத்தான் இருந்தது. மூடிவிட்டு இன்னொரு தடவை திறந்தேன்.

ஒன்பதாம் படுக்கையின் விவரத்தை அச்சுக்குக் கொடுத்தேன்.

தாள் வந்தது. பாதியில் ஒரு கணம் நின்றது. அண்ணனும் நானும் அதையே பார்த்தோம். முழுதாக வந்து விழுந்தது. பிறகு இரண்டாவது. இரண்டையும் புரட்டினேன். வெள்ளை. இரண்டாம் பக்கத்தின் கட்டத்தைப் படித்தேன். கொட்டை எழுத்தில்தான் இருந்தது. காலையிலும் அப்படித்தான் இருந்தது.

“தங்கச்சி” என்றார் அண்ணன் தாழ்ந்த குரலில். வாசல் பக்கம் கண்ணைக் காட்டினார்.

மகள் வந்துகொண்டிருந்தாள். ஒரு தோளில் துணிப்பை. கையில் காது மெஷினின் சின்ன டப்பா. நேராக லிப்டுக்குப் போகப் போனவள் என்னைப் பார்த்துத் திரும்பி வந்தாள்.

“மெஷின் கோளாறுன்னு சொல்லிடு” என்றார் அண்ணன். “பொய் இல்லையே. மெஷின்தானே முழுங்கிச்சு.”

அவள் மேசைக்கு வந்துவிட்டாள். வெயிலில் நடந்து வந்ததில் முகம் வேர்த்திருந்தது.

“பதினொண்ணுக்குள்ள வந்துட்டேன் பாத்தீங்களா? எங்கப்பா அங்க யாருக்காவது டிக்கெட் கிழிச்சுக் குடுத்தாரா?” என்று சிரித்தாள். பிறகு என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள். மேலே இருந்தது இரண்டாம் பக்கம். தலைகீழாக இருந்தபோதே அவளால் படிக்க முடிந்தது.

“இது இன்னும் மேல போகலையா?” என்றாள். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் குரலில் இல்லை.

நான் எழுந்து நின்றேன்.

“அப்பா மூச்சு விடறாருக்கா. அதை முதல்ல சொல்லிடறேன். டாக்டர் கூடவே இருக்காரு. கொஞ்சம் உக்காருங்க. காலையில எட்டு மணிக்கு நான் ஒண்ணு பண்ணேன்.”

அவள் உட்காரவில்லை.