பின்னால் வந்த அலைகள்

வானொலி ஆய்வுக்கூடத்தில் திரையின் முன் உட்கார்ந்திருந்த அவளுக்குக் கண் சொக்கியது. அம்மாவை மருத்துவமனையில் சேர்த்ததிலிருந்து சரியான தூக்கமில்லை. வெளியே, மைதானம் முழுக்கப் பரப்பி வைத்த ஆண்டெனாக்கள் வானத்தை ஒட்டுமொத்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. எங்கோ ஒரு தொலைதூர விண்மீன் கூட்டத்திலிருந்து கண்ணிமைக்கும் நேரமே நீடிக்கும் ஒரு ரேடியோ வெடிப்பு என்றாவது வரும். அதைப் பிடிக்கத்தான் இத்தனை பாடு. இதுவரை ஒன்றும் சிக்கவில்லை. இந்த மாதமும் சிக்காவிட்டால் கடையைக் கட்டவேண்டியதுதான் என்று ஆய்வுக்குழுத் தலைவர் சொல்லிவிட்டார்.

மதியம் திரையில் ஒரு சாய்ந்த கோடு விழுந்தது. பளிச்சென்று, ரேடியோ வெடிப்புக்குப் பாடப்புத்தகத்தில் போடும் படம் போல.

"அண்ணன் ஆரம்பிச்சிட்டார்," என்று முணுமுணுத்தாள்.

இயந்திரமும் ஆளும் விழிப்பாக இருக்கிறார்களா என்று பார்க்க, பொறியாளர் தினமும் சொல்லாமல் ஒரு போலி வெடிப்பை உள்ளே நுழைப்பது வழக்கம். 'சோதனை' என்று குறித்துவிட்டு மேசையில் தலை சாய்த்தாள். முழு வானத்தின் பதிவு மலையாகக் குவியும். அதனால், வேண்டும் என்று சொல்லாததைச் சில நிமிடங்களில் கணினி முதலில் வந்ததிலிருந்து அழிக்கத் தொடங்கிவிடும். அந்தப் பதிவு போனால், வெடிப்பு எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்லமுடியாது.

பொறியாளர் தேநீரோடு வந்தார். "எழுந்திரும்மா, சூடா குடி. அம்மா எப்படி இருக்காங்க?"

"அப்படியேதான் அண்ணே. ஆனா உங்களுக்கு ஈவிரக்கமே இல்ல. அரைத்தூக்கத்துல இருக்கிறவளுக்கும் பரீட்சையா?"

"இன்னிக்கு நான் எதுவும் போடலியே. காலையில உன் முகத்தைப் பார்த்தேன். பாவம்னு விட்டுட்டேன்."

"விளையாடாதீங்க."

"இந்த வயசுல எனக்கு விளையாட்டு ஒண்ணுதான் குறைச்சல்!"

அவள் பதறிக் கையை நீட்டியதில் தேநீர் பாதி சிந்தியது. 'சேமி' பொத்தானை அழுத்தினாள். கோட்டின் மேல்பாதி அதற்குள் அழிந்துபோயிருந்தது.

"போச்சு அண்ணே."

"நான் வழக்கம்போல ஒண்ணு போட்டிருந்தா, ரெண்டு வந்திருக்கேன்னு உனக்குச் சந்தேகமாவது வந்திருக்கும். நல்லது செய்யறேன்னு கெடுத்துட்டேன்," என்று அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அவள் திரையில் மிச்சமிருந்த கீழ்ப்பாதியை உற்றுப் பார்த்தாள். விண்வெளியைக் கடந்து வருகையில் உயர்ந்த அலைவரிசைகள் முந்திக்கொள்ளும். தாழ்ந்தவை தட்டுத்தடுமாறிப் பின்னால் வந்து சேரும். முந்தி வந்தவை போய்விட்டன. தாமதமாக வந்தவை பத்திரமாக இருந்தன. இடத்தைக் கண்டுபிடிக்க அதுவே போதும்.

"இருக்கு அண்ணே... பாதி இருக்கு. நீங்க டீ கொண்டுவராம இருந்திருந்தா இதுவும் போயிருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ அம்மாகிட்ட போ. மீதியை நான் பார்த்துக்கறேன்."

மனசுக்குள் கடவுளுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு, அவள் முதலில் மேசையைத் துடைத்தாள். பிறகு மிச்சமிருந்த தேநீரில் பாதியை அவருக்கு ஊற்றினாள்.